சோலையம்மாளின் நிறம்

முருகேஸ்வரி அக்கா எங்கே போய் நின்றாலும் முதலில் வலது கையைத் தூக்கி, புறங்கையை வெளிச்சத்தில் மெல்லத் திருப்பிப் பார்ப்பாள். பஸ் ஸ்டாப்பில், ரேஷன் கடை வரிசையில், சாவு விழுந்த துட்டி வீட்டு வாசலில்கூட. நான் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து அந்தக் கையைப் பார்த்து வருகிறேன். எம்.ரெட்டியபட்டியில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு அவள் வீடு. மழைக்கு வானம் பார்த்த ஊரில் ஒருத்தி கையை நீட்டிக்கொண்டு நின்றால் சும்மா விடுவார்களா?

“என்ன முருகேஸ்வரி, தூறுதா?”

“ஒரு சொட்டு விழுந்துச்சு மாமா. ஒங்க வழுக்கையில விழ வேண்டியது, வழி தப்பி இங்கிட்டு வந்துருச்சு.”

அவள் பார்ப்பது மழையை அல்ல. விரல் முட்டிகளின் நிழல் எங்கே விழுகிறது, அந்த நிழலின் ஓரம் கத்தியால் வெட்டியது போல இருக்கிறதா, தண்ணீரில் மை கலைந்தது போல இருக்கிறதா என்று பார்ப்பாள். முட்டிக்கு விழுகிற நிழல்தான் மூக்குக்கும் விழும். நிழல் கரைகிற இடம் வரும்வரை கையைத் திருப்பிக்கொண்டே இரண்டு மூன்று அடி நகர்வாள். கரைந்ததும் அங்கே ஒரு நாற்காலியைப் போடச் சொல்வாள். அவள் போட்டோகிராபர். காதுகுத்து, சடங்கு, வளைகாப்பு, கல்யாணம் என்று பரளச்சி வரைக்கும் திருச்சுழிப் பக்கமும் அவளைக் கூப்பிடுவார்கள்.

அக்காவின் அப்பாவும் அம்மாவும் கூலிக்குக் களை வெட்டியவர்கள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் அருப்புக்கோட்டையில் ஒரு ஸ்டுடியோவில் கம்ப்யூட்டர் வேலைக்குச் சேர்ந்தாள். அந்த ஸ்டுடியோ இப்போது இல்லை. முன்னறையில் முதலாளி படம் எடுப்பார். ஜன்னல் இல்லாத பின்னறையில் அக்கா முகங்களைத் திருத்துவாள். பருவை அழிக்க வேண்டும், தழும்பை மறைக்க வேண்டும், பின்னால் நீலத் திரையைப் போட வேண்டும். கடைசியாக வெளுப்பு. கம்ப்யூட்டரில் ஒரு கோடு இருக்கும், கோட்டின் மேல் ஒரு பொத்தான். அதை வலது பக்கம் தள்ளினால் முகம் வெளுக்கும். வந்தவர்கள் கேட்கும்வரை காத்திருக்கக் கூடாது, தானாகவே தள்ளிவிட வேண்டும் என்பது கடை வழக்கம்.

“சுத்துப்பட்டு ஜனம் பூரா ஒரு காலத்துல ரேஷன் கார்டுல மட்டும் வெள்ளக்காரவுகளா இருந்தாக” என்று இப்போது சொல்லிச் சிரிப்பாள்.

கல்யாணத்துக்குப் பிறகுதான் அவள் கைக்குக் கேமரா வந்தது. அவள் வீட்டுக்காரர் பொன்ராஜ் அண்ணன் லோடு வேன் ஓட்டுகிறார். மதுரைக்கு லோடு இறக்கப் போனவர், பழைய கேமரா விற்கிற கடை ஒன்றில் ஒரு கேமராவும் ஐம்பது எம்எம் லென்ஸும் வாங்கி, வேனில் முன் சீட்டில் துண்டு சுற்றி உட்கார வைத்துக் கொண்டுவந்தார். அந்த லென்ஸில் சூம் கிடையாது. தூரம் வேண்டுமென்றால் பின்னால் நடக்க வேண்டும், கிட்டம் வேண்டுமென்றால் முன்னால் நடக்க வேண்டும். “அதுவும் நல்லதுதான். கிட்டப் போறதுக்கு முன்னாடி ஆளு கண்ணப் பாத்துக் கேட்டுட்டுல்ல போகணும்” என்பாள் அக்கா.

நான் இயற்பியல் படித்தவள். எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி. அதற்கு ஒரு சான்றிதழும் உண்டு. படிப்பை முடித்து, போட்டித் தேர்வுகள் எழுதி, அடுத்து என்னவாகப் போகிறேன் என்று தெரியாமல் இருக்கிறேன். புத்தகத்தின் முன்னால் உட்கார முடியாத நாட்களில் அக்காவின் ஸ்கூட்டியில் பின்னால் ஏறிக்கொள்வேன். எனக்கு அங்கே வேலை ஒன்றும் கிடையாது. எல்லோரும் கேமராவைப் பார்க்கும்போது நான் எல்லோரையும் பார்ப்பேன், அவ்வளவுதான்.

போன மாசி மாதம் அப்படித்தான் பரளச்சிப் பக்கம் ஒரு வீட்டுக்குப் போனோம். முருகலட்சுமி என்கிற பெண்ணுக்குப் பூ வைக்கும் விசேஷம். வைகாசியில் கல்யாணம். காலை வெயில் இன்னும் சூடேறாத நேரம். ஊருக்கு மேற்கே யாரோ கரி மூட்டம் போட்டிருந்தார்கள். சீமைக்கருவேல விறகை மண்ணுக்குள் மூடிவைத்து எரிப்பதில் கிளம்பும் புகை தரையை ஒட்டி நீளமாகப் படுத்திருந்தது. வெயில் அதற்குள் புகுந்து பால் மாதிரி வந்துகொண்டிருந்தது. அக்கா கையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “ஆகா” என்றாள். முருகலட்சுமியை அந்த வெளிச்சத்தில் நிறுத்தி வேண்டிய மட்டும் எடுத்தாள். பிறகு வீட்டுக்குள் நுழைந்தோம். சுவரில் மாலை போட்ட ஒரு படம் இருந்தது.

அக்கா நின்றுவிட்டாள்.

பெரிதாக்கிய படம். நீலத் திரை. சிவந்த, வழவழப்பான முகம். மூக்கின் இரண்டு பக்கமும் நிழலே இல்லை. உதட்டில் லேசான ரோஜா நிறம்.

“எங்கம்மா” என்றாள் முருகலட்சுமி. “சோலையம்மாள். நான் பால்வாடி போறப்பவே காய்ச்சல்ல செத்துப்போயிட்டாக. நல்ல செவப்புல்லக்கா? எனக்கு அந்தக் கலர் வரல. அப்பாவும் இவ்வளவு கருப்பில்ல. நான் யாரக் கொண்டு பொறந்தேன்னு எங்க சொந்தத்துல கேக்காத ஆளில்ல.”

பின்னால் யாரோ ஒரு கிழவி, “ஆஸ்பத்திரியில மாத்திட்டாகடி ஒன்ன” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். முருகலட்சுமியும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு நிறைய தடவை சிரித்துப் பழகிய சிரிப்பு.

அக்கா சிரிக்கவில்லை. “அவுக அப்படி இல்ல” என்று சொல்லிவிட்டாள்.

“யாரு?”

“ஒங்கம்மா. இது நான் போட்ட படம். மகளிர் குழு லோனுக்குன்னு போட்டோ எடுக்க வந்தாக. நாந்தான் வெளுத்தேன்.”

முருகலட்சுமி படத்தையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தாள். பூ வைத்த தலையோடு, புதுச் சேலையோடு அவள் கேட்டது ஒன்றே ஒன்று.

“அப்ப எப்படி இருந்தாக?”

அக்கா சொன்னாள்: “கல்யாணத்தன்னைக்கு நீ ஒங்கம்மாவ விழுந்து கும்புடுவேல்ல. அதுக்குள்ள சரியான மொகத்தக் கொண்டாந்து தாரேன். இது ஒனக்கு நான் பட்ட கடன்.”

வீட்டுக்குத் திரும்பும் வழியில் ஸ்கூட்டியை ஓரமாக நிறுத்தினாள். இரண்டு பக்கமும் கரிசல் காடு. பருத்தி எடுத்து முடித்த செடிகள் காய்ந்து நின்றன. “ஸ்டுடியோ கம்ப்யூட்டர்ல அசல் படம் இருந்திருக்கும்லக்கா?” என்று கேட்டேன்.

“கடைய மூடயில அதையும் எடைக்குப் போட்டாச்சு.”

“ஓட்டர் ஐடி?”

“இருக்கும். அந்தக் காலத்துக் கருப்பு வெள்ள. எல்லாருக்கும் பேய் அடிச்ச மூஞ்சிதான் அதுல. கலருக்கு எங்க போறது?”

அவளுக்கு அந்த நாள் நினைவிருந்தது. சோலையம்மாள் கரி மூட்டத்தில் கரி அள்ளி மூட்டை கட்டுகிற வேலையிலிருந்து நேராக வந்திருக்கிறாள். ஸ்டுடியோவின் பின்பக்கக் குழாயில் முகம் கழுவினாள். முதலாளி மேசையில் எப்போதும் கிடக்கிற பவுடரை எடுத்து அப்பிக்கொண்டாள். காதுக்குப் பின்னால் பவுடர் எட்டவில்லை. கம்ப்யூட்டரில் படத்தைப் பெரிதாக்கியபோது காது மடலின் ஓரத்தில் மட்டும் சொந்த நிறம் ஒரு கோடாகத் தெரிந்தது. அக்கா அதையும் சேர்த்து வெளுத்தாள்.

“கொஞ்சம் வெளுப்பாப் போடும்மான்னு அவுக கேட்டாகளா, நானாப் போட்டேனா, அது மட்டும் ஞாபகம் இல்ல” என்றாள். “அந்தக் காது இருக்குல்ல, கண்ண மூடுனா தெரியுது. ஆனா ஒரு நாளைக்கு ஒரு கலர்ல தெரியுது.”

அதன் பிறகு பல ஞாயிற்றுக்கிழமைகள் நாங்கள் ஒரு நிறத்தைத் தேடி அலைந்தோம். இதை இப்போது எழுதும்போது எனக்கே கனவு போல இருக்கிறது. நிறத்தை எப்படித் தேடுவது? அதற்கு எடை இல்லை, ஊர் இல்லை. வெளிச்சம் இருந்தால்தான் அது இருக்கும். வெளிச்சம் மாறினால் அதுவும் மாறிவிடும். கல்லூரியில் இதைப் பத்து மதிப்பெண் கேள்வியாக எழுதியிருக்கிறேன். அப்போது ஒரு மனுஷியின் முகம் என் மனதில் வந்ததே இல்லை.

சோலையம்மாளோடு கரி அள்ளிய ராக்கம்மாள் இப்போது நூறு நாள் வேலைக்குப் போகிறாள். கண்மாய்க் கரையில் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தவளிடம் அக்கா கேட்டாள்.

“கலரா? ஏன்டி, மூட்டத்துல நின்ன பொம்பளைக்கு என்ன கலரு? அவளும் கரி, நானும் கரி. சாயங்காலம் எம் புருஷனே அவளப் பாத்து ராக்குன்னு கூப்புட்டிருக்கான்.”

“குளிச்சிட்டு வந்தப் பாத்திருப்பீகல்ல?”

“குளிச்சாப் பொழுது அடஞ்சிரும். வெளக்கு வெளிச்சத்துல எல்லாரும் அழகுதான.” ராக்கம்மாள் வெற்றிலைச் சாற்றைக் கரையோரமாகத் துப்பினாள். “பல்லு வெள்ளையா இருக்கும். அவ சிரிச்சா அந்தப் பொகைக்குள்ள எங்கன நிக்கிறான்னு தெரியும். அத எழுதிக்க.”

இன்னொருத்தர் மாநிறம் என்றார். இன்னொருத்தி நாவல்பழம் என்றாள். ஒரு பெரியவர், “நல்ல பொம்பள” என்று மட்டும் சொன்னார். நிறத்தைக் கேட்டால் குணத்தைச் சொல்கிறார்களே என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. அக்காவுக்கு எரிச்சல் வரவில்லை. எல்லாவற்றையும் காதில் வாங்கிக்கொண்டு வண்டியை எடுப்பாள்.

கேட்டுத் தெரியாததை எடுத்துப் பார்த்தாவது கண்டுபிடிக்கலாம் என்று ஒரு வழி அவளுக்குத் தோன்றியது. சோலையம்மாளுக்குக் கூடப் பிறந்த தங்கை ஒருத்தி இருக்கிறாள். சுப்பம்மாள். அதே பரளச்சிப் பக்கம் விளைச்சலில் பங்கு தருவதாக வாரத்துக்கு நிலம் பிடித்துப் பருத்தி போடுகிறாள். தங்கையையும் மகளையும் ஒரே வெளிச்சத்தில் பொய் இல்லாமல் எடுத்தால், அந்த இரண்டு நிறத்துக்கும் நடுவிலோ பக்கத்திலோ அம்மாவின் நிறம் இருக்கும். முதலில் சுப்பம்மாளைக் காட்டில் நிறுத்தி எடுத்தாள். வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் பார்த்தால் சுப்பம்மாள் வெளிறிப் போயிருந்தாள்.

“நான் ஒண்ணுமே பண்ணலடி” என்றாள் அக்கா. “கேமராவே வெளுத்துருச்சு.”

அது எனக்குப் புரிந்தது. கேமரா பார்க்கிற எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து நடுச் சாம்பல் நிறமாக்கப் பார்க்கும் இயந்திரம். பின்னால் முழுக்கக் கரிசல் மண் இருந்தால், இங்கே ரொம்ப இருட்டாக இருக்கிறது என்று நினைத்து வெளிச்சத்தைக் கூட்டிவிடும். மண் சாம்பலாகும், மண்ணுக்கு முன்னால் நிற்கிற முகமும் வெளுக்கும். வெள்ளைச் சுவர் முன்னால் நிறுத்தினால் நேர் எதிர்; முகம் இருண்டுவிடும். கருப்பாக இருப்பதைப் பார்த்தால் திருத்த வேண்டும் என்று நினைக்கிற கண், தொலைவில் எங்கோ ஒரு தொழிற்சாலையிலேயே அதற்குள் பொருத்தப்பட்டிருக்கிறது. என் சான்றிதழ்களில் ஒட்டியிருக்கும் என் முகங்களை எடுத்துப் பார்த்தேன். ஒன்றுகூட இன்னொன்றின் நிறத்தில் இல்லை. எதைக் காட்டி இதுதான் நான் என்று இத்தனை நாள் சொல்லி வந்தேன்?

“அப்ப அதுவா முடிவு பண்ண விடக்கூடாது” என்றாள் அக்கா. வெளிச்சத்தை அவளே வைத்துக்கொள்ள வேண்டும், கூட்டவும் குறைக்கவும் அவளே செய்ய வேண்டும். முகத்தைச் சுற்றி நிறமே இல்லாத ஒரு இடம் வேண்டும். பச்சைச் சுவர் பக்கத்தில் இருந்தால் கன்னத்தில் பச்சை ஏறும். நீலத் தார்ப்பாய்க்குக் கீழே நின்றால் எல்லோரும் நீலம். கல்யாண வீட்டுப் பல்பில் எல்லோருக்கும் மஞ்சள் காமாலை. தெருவில் நின்று எடுக்கவும் முடியாது. உச்சி வெயில் மேலிருந்து கொட்டும், கரிசல் மண்ணோ விழுந்த வெளிச்சத்தையெல்லாம் குடித்துவிட்டுத் திருப்பித் தராது. கண் இரண்டும் குழியாகிவிடும்.

இடம் சுப்பம்மாள் வீட்டில் கிடைத்தது. மாசி கடைசி. வியாபாரி இன்னும் வரவில்லை. எடுத்த பருத்தியை முன்னறை முழுக்கக் குவித்து வைத்திருந்தார்கள். மூன்று பக்கமும் சுவரை மறைத்துக்கொண்டு, உத்தரம் வரைக்கும் பருத்தி. கதவு வடக்கே பார்த்தது. வெயில் நேராக உள்ளே வரவில்லை. வாசல் சிமெண்டுத் தரையில் விழுந்து, எழும்பி, உள்ளே வந்து பருத்தியில் ஊறி, எங்கிருந்து வருகிறது என்றே தெரியாமல் அறை முழுக்க நின்றது. நான் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே காலை வைத்ததும் என் கையைப் பார்த்தேன். நிழல் இல்லை. மேகத்துக்குள் நுழைந்துவிட்டது போல இருந்தது. காதுக்குள் சத்தம்கூடக் குறைந்துவிட்டது. பருத்தி சத்தத்தையும் குடிக்கும் போல.

“என்னங்கடி, கோயிலுக்குள்ள வந்த மாதிரி நிக்கிறீக?” என்றாள் சுப்பம்மாள். “பருத்தியில ஏறி மிதிச்சிராதீக. வியாபாரி தூசின்னு சொல்லி வெலையக் கொறச்சிருவான்.”

அக்கா அவளைப் பவுடர் போட விடவில்லை. ஈரத் துண்டால் முகத்தைத் துடைக்கச் சொன்னாள். வாசலைப் பார்க்க உட்கார வைத்தாள். அவள் கண்மணியில் வாசல் சின்ன வெள்ளைக் கட்டமாகத் தெரிந்தது. முதலில் ஒரு கைப்பிடிப் பருத்தியை முகத்துக்குப் பக்கத்தில் வைத்து எடுத்தாள். பருத்தி எவ்வளவு வெள்ளை என்று நமக்குத் தெரியும். படத்திலும் அவ்வளவு வெள்ளையாக வந்தால் முகமும் சரியாக வந்திருக்கிறது என்று அர்த்தம்.

“மூச்ச இழுத்துப் பிடிக்காதீகக்கா. விடுங்க. விட்டுட்டு இருக்கையில எடுக்கேன்.”

“மூச்ச விட்டாத் தொந்தி தெரியும்டி.”

“எனக்கு மொகம் மட்டும் போதும்.”

“அப்ப எதுக்கு நான் புதுச் சேல கட்டுனேன்?”

அந்தச் சிரிப்பில் ஒரு படம். அடுத்து முருகலட்சுமி உட்கார்ந்தாள். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தரையைப் பார்த்தாள். பிறகு தலையைத் தூக்கி வாசலைப் பார்த்தாள். வெள்ளைக்கு நடுவில் அந்த முகம் ஈர மண் போல இருந்தது. கன்னத்து மேட்டில் மட்டும் மெல்லிய நீல மினுக்கம். நான் அவளை அதுவரை அழகு என்று நினைத்ததில்லை. கல்யாணப் பெண் என்பதற்காகச் சொல்கிற சொல்லாக மட்டும் வைத்திருந்தேன். நான் எந்தக் கண்ணால் இவ்வளவு நாள் பார்த்தேன்?

கேமராவின் பின்பக்கம் தெரிந்த படத்தை அக்கா அவளிடம் காட்டினாள். முருகலட்சுமி நெடுநேரம் பார்த்தாள். “நானா?” என்றாள்.

“ஒண்ணும் பண்ணல. நீதான்.”

பங்குனியில் அக்கா சுவர்ப் படத்திலிருந்த சோலையம்மாளின் முகத்தை எடுத்துத் திரும்ப நிறம் ஏற்றினாள். அழித்த நிழலை மூக்கோரம் வைத்தாள். தங்கையின் நிறத்தைக் கொஞ்சம், மகளின் நிறத்தைக் கொஞ்சம் என்று கலந்து, ஒன்றைவிட ஒன்று கருப்பாக அட்டை அட்டையாகப் பிரிண்ட் போட்டாள். ஒரு ஞாயிறு காலை அவற்றை எடுத்துக்கொண்டு போனோம். சுப்பம்மாள் வீட்டில் பருத்தி பாதி போயிருந்தது. மீதிக் குவியலின் மேல் அக்கா அட்டைகளை வரிசையாக அடுக்கினாள். ஒரே முகம், வெயில் சாய்ந்து இருட்டாவது போல, இடமிருந்து வலமாகக் கறுத்துக்கொண்டே போனது.

முருகலட்சுமியின் அப்பா சோலைச்சாமியையும் கூப்பிட்டிருந்தார்கள். மூட்டத்தில் தீ பார்த்துப் பார்த்துக் கண் ஓரம் சுருங்கிய மனுஷர். அதிகம் பேசமாட்டார்.

“இதுல எதுண்ணே மதினி?” என்றாள் அக்கா.

சுப்பம்மாள் முந்திக்கொண்டாள். “இது. எனக்கு ஒரு படி மேல இருப்பா அவ.”

“ஒங்கள யாருக்கா கேட்டா? அண்ணே சொல்லட்டும்” என்றாள் அக்கா.

சோலைச்சாமி குனிந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். வலது பக்கம் வரைக்கும் போனார். திரும்பி வந்தார். கடைசியில் இடது ஓரத்தில், ஒத்துப் பார்ப்பதற்காக வைத்திருந்த பழைய வெளுத்த படத்தின் மேல் விரலை வைத்தார்.

“அண்ணே, அது சொவத்துல இருக்கிற படம்ல.”

“தெரியுது தாயி.” அவர் விரலை எடுக்கவில்லை. “தெனமும் வெளக்குப் பொருத்தி இந்த மொகத்தத்தான கும்புடுதேன். அவ இப்படி இல்லன்னு எனக்குத் தெரியும். ஆனா நெனச்சா இந்த மொகந்தான் வருது. கனாவுல வந்தாலும் இப்படித்தான் வாரா.”

வெளியே கோழி ஒன்று கொக்கரித்துக்கொண்டிருந்தது. அக்கா பருத்தியின் மேல் உட்கார்ந்துவிட்டாள். மிதிக்காதே என்று சொன்ன சுப்பம்மாள் இப்போது தடுக்கவில்லை.

முருகலட்சுமி குனிந்து, வரிசையில் வலது பக்கம் இருந்த ஒரு அட்டையை எடுத்தாள். தன் முகத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். “இதான்க்கா. இதான் எங்கம்மா.”

“எப்படிச் சொல்ற?”

“என்ன மாதிரி இருக்காக.”

“அதுல போட்டிருக்கிறது ஒன் நெறம்டி. ஒன் படத்துல இருந்து எடுத்ததத்தான் அதுல கூட ஏத்தியிருக்கேன்.”

“இருந்துட்டுப் போகட்டும். எனக்கு இது போதும்.”

“குடுத்துத் தொலையேன் முருகேஸ்வரி” என்றாள் சுப்பம்மாள். “புள்ள ஆசைப்படுது. இனி யாரு வந்து இல்லன்னு சொல்லப் போறா?”

“ஒருக்கா ஆசைக்குப் போட்டதுலதானக்கா இன்னைக்கு இங்கன வந்து நிக்கிறேன்.” அக்கா அந்த அட்டையை அவளிடமிருந்து மெதுவாக வாங்கினாள். “இதையும் குடுத்தேன்னா, நாளைக்கு இவ கனாவுல இவளேதான் வருவா. ஒங்கக்கா வரமாட்டாக.”

முருகலட்சுமியின் கண் நிறைந்துவிட்டது. அவள் கோபித்துக்கொண்டு வெளியே போனாள். நாங்கள் அட்டைகளைப் பொறுக்கிக்கொண்டு கிளம்பினோம்.

“குடுத்திருக்கலாமேக்கா” என்று வண்டியில் கேட்டேன். அவள் வண்டியை முறுக்கினாள். அவள் செய்தது சரியா என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை. ஒரு பெண் தன் அம்மாவில் தன்னைப் பார்க்க ஆசைப்படுகிறாள். அதைத் தரக்கூடிய கை எதிரே இருக்கிறது. உண்மை என்று சொல்லி அதை மறுப்பது நியாயமா? அந்த உண்மையோ யாரிடமும் இல்லை. சில நாள் அக்கா செய்தது சரி என்று தோன்றும். சில நாள் முருகலட்சுமி அட்டையை முகத்தோடு வைத்து நின்றது தெரியும், அப்போது மனது மாறிவிடும்.

வைகாசியில் கல்யாணம் வந்தது. திருச்சுழியில் மண்டபம். விடிந்து கொஞ்ச நேரத்தில் பெண்ணை வீட்டிலிருந்து அழைத்துப் போக வண்டி வந்து நின்றது. புறப்படுவதற்கு முன்னால் அம்மாவின் படத்தின் முன் விழுந்து கும்பிட வேண்டும். முருகலட்சுமி அதற்கு முன்பு அக்காவின் பையைப் பார்த்தாள்.

அக்கா தலையை ஆட்டினாள். “கெடைக்கலடி.”

முருகலட்சுமி போய்ப் படத்தின் முன்னால் நின்றாள். விழுந்து எழுந்தாள். அக்கா அதைப் படம் எடுத்தாள். பிறகு எங்கள் பக்கத்தில் வந்து கொலுசு மாட்டிக்கொண்டே, “கண்ண மூடிக்கிட்டுத்தான் கும்புட்டேன். கண்ண மூடுனா எல்லாக் கலரும் ஒண்ணுதானக்கா” என்றாள். கோபம் இருந்ததா, சமாதானம் ஆகிவிட்டாளா என்று சொல்லத் தெரியாத குரல்.

மண்டபத்தில் மாப்பிள்ளை வீட்டார் பெண்ணைப் பார்த்து ஆச்சரியப்பட்டார்கள். அக்கா பருத்தி அறையில் எடுத்த படத்தைத்தான் வாசல் பிளக்ஸில் போட்டிருந்தார்கள். “அட, படத்துல இருக்கிற மாதிரியே இருக்காக” என்றார் மாப்பிள்ளையின் சித்தப்பா, இப்படி ஒரு கல்யாணத்தை அதுவரை பார்க்காதவரைப் போல. அக்கா கேமராவுக்குப் பின்னால் சிரித்தாள். அன்றைக்கு அவள் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

முருகலட்சுமி இப்போது குமாரலிங்கபுரத்தில் இருக்கிறாள். கல்யாண ஆல்பத்தைக் கொடுக்க ஆவணியில் நாங்கள் போயிருந்தோம். புது வீடு, சுண்ணாம்பு வாசனை இன்னும் போகவில்லை. சாமி படங்கள் வரிசையாக மாட்டியிருந்தன. மாமனாரின் அப்பா அம்மா படமும் இருந்தது. அவற்றுக்குப் பக்கத்தில் வெறும் ஆணி ஒன்று அடித்திருந்தது.

“அப்பா அந்தப் படத்துல இன்னொரு காப்பி போட்டுத் தாரேன்னாக. நான் வேண்டாம்னுட்டேன்” என்றாள் முருகலட்சுமி, காபி டம்ளரை நீட்டிக்கொண்டே. “அது அப்பா மனசுல இருக்கிற அம்மா. அவுக கும்புட்டுக்கிரட்டும். எனக்கு நீங்க தரணும்.”

“கெடைக்குமான்னு தெரியலடி.”

“ஆணிய நான் புடுங்க மாட்டேன். நீங்க எப்ப வேணா வாங்க.”

அக்கா இன்னும் தேடுகிறாள். பரளச்சிப் பக்கம் விசேஷ வீட்டுக்குப் போனால் பழைய ஆல்பங்களை எடுத்துத் தரச் சொல்லிக் கேட்டு, கூட்டப் படங்களின் ஓரத்தில், பந்தியில் இலை போடுகிறவர்களுக்குப் பின்னால், யாராவது ஒரு பெண் பாதி முகத்தோடு நிற்கிறாளா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிறாள். ஒரு படத்தில் சேலை முந்தானையும் ஒரு காதும் மட்டும் இருந்தன. சுப்பம்மாள், அது ராக்கம்மாள் என்று சொல்லிவிட்டாள். நேற்றுகூட முருகலட்சுமியிடமிருந்து வாட்ஸப்பில் குரல் வந்தது. அக்கா என்னையும் கேட்க வைத்தாள். பின்னால் பாத்திரம் விழும் சத்தம், யாரையோ அதட்டுகிற சத்தம், அதற்கு நடுவில் அவள்: “என்னக்கா, எங்கம்மாவக் காணோம்?”

“வாரேன்டி” என்று பதில் சொன்னாள் அக்கா.